இருபத்தெட்டு பேர்

"போட்டோல முன்வரிசைல மூணாவது ஆளு முனிராஜு இல்ல சார், திம்மராயன். யாரு உங்களுக்கு முனிராஜுன்னு சொன்னது?"

"சென்னப்பன்தாம்மா. அந்த வகுப்புல படிச்சவராச்சே."

"படிச்சாரு. பாதி நாள் வரமாட்டாரு. அவருக்கு என்ன தெரியும்?"

லட்சுமியம்மாள் அழுகிய தக்காளியைத் தூர எறிந்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போட்டோவை வாங்கினாள்.

மாதேஸ்வரன் உத்தனப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பள்ளி ஆசிரியர். பள்ளியின் நூற்றாண்டு மலருக்காகப் பழைய படங்களைத் தேடிக்கொண்டிருந்தார். 1971-ஆம் வருஷத்து ஐந்தாம் வகுப்பு போட்டோ ஒன்று கிடைத்தது. பின்பக்கம் பெயர்கள் இல்லை. அந்த வருஷத்துப் பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தது. இரண்டு வாரம் வீடு வீடாக அலைந்ததில் பதினோரு பெயர்தான் தேறியது. திங்கட்கிழமை மலர் அச்சுக்குப் போகிறது.

"அந்தக் காலத்துப் பசங்கள பத்தி லட்சுமியம்மாளத்தான் கேக்கணும்" என்று டீக்கடையில் சொன்னார்கள்.

"எழுதிக்கிறீங்களா சார்?" என்றாள் அவள். போட்டோவை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தக்காளியைத் தரம் பிரித்தபடியே சொல்ல ஆரம்பித்தாள். "ஒண்ணு, அப்பையா. ரெண்டு, அனுமந்தன். மூணு, கிருஷ்ணோஜி. நாலு, கோபாலப்பா..."

எங்கும் தடுமாறவில்லை. பையன்கள் பதினெட்டு பேர் முடிந்ததும் பெண்கள் பத்து. அப்புறம் போட்டோவைத் திருப்பி, ஒவ்வொரு முகமாக விரல் வைத்தாள்.

"இது கோபாலப்பா. நெலத்த கம்பெனிக்குக் கொடுத்துட்டு அங்கயே வாட்ச்மேனா இருந்தான். போன வருசம் தவறிட்டான். இவன் கிருஷ்ணோஜி, ஜூஜுவாடில பஞ்சர் கடை."

மாதேஸ்வரன் தயங்கியபடி கேட்டார். "நாகரத்தினான்னு ஒருத்தங்க... இதுல யாரும்மா?"

"ஏன் சார்?"

"அவங்க பொண்ணு அனிதா, போச்சம்பள்ளில கம்பெனி வேலை. பிரசவத்துலயே அம்மா போயிட்டாங்களாம். வீட்டுல ஒரு படம்கூட இல்லையாம். 'இதுல எங்கம்மா யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார்'னு தினமும் போன் பண்றாங்க. யாராலயும் சொல்ல முடியல."

லட்சுமியம்மாளின் விரல் இரண்டாவது வரிசைக்குப் போய் ஒரு முகத்தில் நின்றது. எண்ணெய் வழியத் தலை வாரி, வாயை இறுக மூடிக்கொண்டிருந்த சிறுமி.

"இவதான். கீழ விழுந்து முன்பல்லு ரெண்டும் ஒடஞ்சிருந்துச்சு, அதான் சிரிக்கல. வாய்ப்பாடு சத்தமா சொல்லுவா. அந்தப் பொண்ணுகிட்ட அதையும் சொல்லுங்க."

மாதேஸ்வரன் அந்த முகத்தை மட்டும் செல்போனில் படமெடுத்து அனிதாவுக்கு அனுப்பினார். அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கான நீலக் குறி உடனே விழுந்தது.

பிறகு பட்டியலை எண்ணினார். இருபத்தெட்டு பெயர், இருபத்தெட்டு முகம்.

"எல்லாரும் வந்துட்டாங்க. உங்க பேரு வரலியேம்மா? போட்டோ எடுத்த அன்னிக்கு நீங்க லீவா?"

"பள்ளிக்கூடத்துல சேந்திருந்தாத்தான சார் லீவு போட முடியும்?"

அவர் பேனாவை மூடாமல் அவளையே பார்த்தார்.

"எங்கப்பா என்னை மாடு மேய்க்க விட்டுட்டாரு. வகுப்பு சன்னலுக்குப் பின்னாடிதான் மேய்ச்சல். வாத்தியாரு தெனமும் பேரு கூப்பிடுறது அங்க நல்லா கேக்கும்" என்றாள் லட்சுமியம்மாள், அடுத்த கூடையை இழுத்தபடி. "யாராச்சும் வரலைன்னா, அந்தப் பேருக்கு நான் வெளிய நின்னுக்கிட்டு மெதுவா 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லிக்குவேன்."