நாற்பத்தொரு ஓட்டை

பதினோராம் கிலோமீட்டர் குடியிருப்பில், அன்னம்மாள் வீட்டு வாசலில் யோகராஜின் செருப்பு கிடந்தது. பார்த்ததுமே ஒச்சப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தமானில் ஹட் பே தீவுப் பஞ்சாயத்தின் தலைவரான பிரதான் பதவித் தேர்தலுக்கு இன்னும் நான்கே நாள். அன்னம்மாள் வீட்டில் எட்டு வாக்கு. காலை ஆறு மணிக்குப் போய் எட்டையும் பேசி முடிப்பது என்று முந்தின மாலைதான் ஒச்சப்பன் திட்டம் போட்டிருந்தார். எதிர்த்து நிற்கும் யோகராஜ் ஐந்தரைக்கே வந்து, இட்லி சாப்பிட்டு, கையும் கழுவியிருந்தார்.

இது முதல் தடவை அல்ல. திங்கட்கிழமை படகுக்காரர்களைப் பார்க்கப் போனபோதும் இதே கதை. ஒச்சப்பன் மனசில் நினைப்பது அரை மணி நேரம் முன்னால் யோகராஜுக்குத் தெரிந்துவிடுகிறது.

போன இரண்டு தேர்தலிலும் தோற்றவர் ஒச்சப்பன். மூன்றாவதும் போனால் தீவில் தலை காட்ட முடியாது. தீவை விட்டு ஓடலாம் என்றால் கப்பல் டிக்கெட் கிடைக்காது.

நேராக ஜெட்டி ரோட்டில் கார்த்திகாவின் மொபைல் கடைக்குப் போய், போனை மேஜையில் வைத்தார்.

"என் போனுக்குள்ள எவனோ உக்காந்து ஒட்டுக் கேக்குறான் தாயி. யாருன்னு பாரு."

கார்த்திகா போனை வாங்கி இரண்டு தட்டு தட்டினாள்.

"மூணு வருஷமா அப்டேட்டே பண்ணலையே அங்கிள். இந்த சிஸ்டத்துல நாப்பத்தொரு ஓட்டை இருக்குன்னு கம்பெனிக்காரனே லிஸ்ட் போட்டிருக்கான். ஒரு போட்டோ அனுப்பினாப் போதும். நீங்க தொறந்து பாக்கக்கூட வேணாம், உள்ள வந்துருவாங்க."

ஒச்சப்பனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. யோகராஜ் தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் போட்டு குட்மார்னிங் அனுப்புகிறார். எதிரிக்கு எதற்கு ரோஜாப்பூ என்று இத்தனை நாள் தோன்றவே இல்லை. போதாததற்கு யோகராஜின் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் படிக்கிறான்.

"பிளானை எல்லாம் யார்கிட்ட அங்கிள் சொல்லுவீங்க?"

"எம் மச்சினன் அன்பழகன்கிட்ட மட்டும்தான். அவன் போர்ட் பிளேர்ல இருக்கான், போன்ல பேசுவேன்."

"பேசுறப்ப பக்கத்துல யாராச்சும் இருப்பாங்களா?"

"நம்ம தமிழாளு ஒருத்தன் இருக்க மாட்டான். அதுக்குன்னே மண்டல் தாதா டீக்கடையில போயி உக்காந்துல்ல பேசுறேன்."

அது உண்மைதான். வீட்டில் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் யோகராஜின் தங்கை வீடு. மண்டல் கடை வங்காளிக் கடை, தாதா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன்; தமிழர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒச்சப்பனும் மண்டலும் இந்தியில்தான் பேசிக்கொள்கிறார்கள். சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன மறுநாளிலிருந்து, கேட்காமலே சீனி போடாத டீ தருகிற தங்கமான மனுஷர்.

"அப்ப போன்தான் அங்கிள். பக்கா" என்றாள் கார்த்திகா.

அப்டேட் முடிய இரண்டரை மணி நேரம் ஆனது. ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்பவர் மாதிரி ஒச்சப்பன் ஸ்டூலை விட்டு நகரவே இல்லை. முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றினார். யோகராஜை பிளாக் செய்தார். ரோஜாப்பூக்களை ஒன்றுவிடாமல் அழித்தார்.

"இனி உள்ள யாரும் வர முடியாது அங்கிள். தைரியமாப் பேசுங்க."

அன்று மாலை மண்டல் கடை பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தபோது அவருக்கு அப்படியொரு நிம்மதி. இந்தப் பத்து நாளும் சாப்பாடு கூட ஒழுங்காக இறங்கவில்லை.

"தாதா, ஏக் சாய்" என்று இந்தியில் ஒரு டீ சொல்லிவிட்டு மச்சினனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, நாப்பத்தொரு ஓட்டையையும் அடைச்சாச்சு. இனி யோகராசு தலைகீழா நின்னாலும் ஒண்ணும் தெரியாது. கேட்டுக்க. நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கே பதினாறாம் கிலோமீட்டர் போறேன். மொதல்ல ரெங்கம்மா வீடு, அங்க பன்னெண்டு ஓட்டு. அடுத்தது ரவிக்குமார் வீடு. அது ரெண்டும் முடிஞ்சா நாமதான் பிரதான். ஒரு பய தடுக்க முடியாது."

அன்பழகன் அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, ஒச்சப்பன் வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.

மண்டல் டீயைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். அடுப்புப் பக்கம் திரும்பியவர், ஏதோ யோசித்து நின்று, குனிந்து நல்ல தமிழில் கேட்டார்.

"ஸ்டவ்வு சத்தத்துல ரெண்டாவது வீடு சரியாக் கேக்கல அண்ணே, இன்னொருக்கா சொல்லுங்க."