கேலரிக்குக் கீழே

நகரத்து உள்விளையாட்டு அரங்கத்தில், கேலரிப் படிகளுக்குக் கீழே ஒரு சுண்டெலி தன் நான்கு குட்டிகளோடு குடியிருந்தது. பக்கத்து வளையில் ஒரு கொழுத்த பெருச்சாளி.

அன்று காலை ஆட்கள் வந்தார்கள். நாற்காலிகளைக் கழற்றினார்கள். தூண்களில் சிவப்புப் பெயின்டால் குறி போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பருக்கைகூடக் கீழே விழவில்லை. சுண்டெலி பெருச்சாளியின் வளைக்கு ஓடியது.

"அண்ணே, எனக்கென்னவோ பயமா இருக்கு. போயிடலாமா?"

பெருச்சாளி சிரித்தது. "இந்த இடத்துச் சரித்திரமே எனக்கு அத்துப்படி தங்கச்சி. கபடி நடந்தா வேர்க்கடலை. ஓட்டு எண்ணினப்ப வடை. வெள்ளம் வந்து ஊரே இங்க படுத்தப்ப ரொட்டி. ஒவ்வொரு தடவையும் நாற்காலியைக் கழட்டத்தான் செஞ்சாங்க. அப்புறம் நமக்கு விருந்துதான்."

சுண்டெலிக்கு மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு, பட்டப்பகலில் ஆடுகளத்தின் குறுக்கே ஓடி, வெளியே மதிலோரப் பொந்தில் விட்டுவிட்டு வந்தது.

கடைசிக் குட்டியைக் கவ்வியபோது தரை அதிர்ந்தது. சுவருக்கு வெளியே தொம், தொம் என்று சத்தம்.

"கேட்டியா, மேளம்!" பெருச்சாளி மீசையைத் துடைத்துக்கொண்டது. "இந்தத் தடவை பெரிய விசேஷம் போலிருக்கு."

வாயில் குட்டி இருந்ததால் சுண்டெலியால் பேச முடியவில்லை. தோளால் பெருச்சாளியை வெளியே தள்ளிப் பார்த்தது. அது நகரவில்லை. மேலிருந்து மண் கொட்டியது. சுண்டெலி ஓடியது.

குட்டியைப் பொந்தில் போட்ட பிறகுதான் அதற்குக் குரல் வந்தது. "அண்ணே!" என்று திரும்பிக் கத்தியது. கூரை இருந்த இடத்தில் புழுதி நின்றது.