செத்தவனுக்குப் போட்ட ஊசி

"அட்ரினலின் ஊசி ஒண்ணு போட்டு வுடுங்க டாக்டர். சேலத்துல போட்டாங்க, உடனே அடங்கிடுச்சு."

கேட்டவர் கம்பைநல்லூர் புளி மண்டி பச்சியப்பன். மூச்சிழுப்பு நோய் நின்றால் தீர்த்தமலையில் வெடி போடுவதாக வேண்டுதல். நோய் நின்றது, மாசித் திருவிழாவில் வெடியும் போட்டார். அந்தப் புகையிலேயே இழுப்பு திரும்பி வந்துவிட்டது. சாமியை என்ன சொல்ல முடியும்?

அடிவாரத்து ஆஸ்பத்திரிக் கொட்டகையில் டாக்டர் சவுரியப்பன் அவர் முதுகில் குழல் வைத்துக் கேட்டார்.

"அந்த மருந்து ஸ்டாக்குல இல்லீங்க. யுத்தம் வந்ததுலருந்து கப்பல் ஏது? மாத்திரை தரேன். கொஞ்ச நேரத்துல உங்களுக்கு அடங்கிடும்."

மாத்திரையை விழுங்கிவிட்டுப் பச்சியப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்போதுதான் நாகனைத் தூக்கி வந்தார்கள்.

சித்தேரி மலைக்காரன். கடுக்காய் விற்க வந்தவன். வெடிச் சத்தத்தில் பாறைத் தேனீ கலைந்து அவனை மொய்த்துவிட்டது. உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, கட்டிலில் கிடத்தும்போதே மூச்சு நின்றுபோனது.

டாக்டர் நெஞ்சில் காதை வைத்தார். நாடி பிடித்தார். நிமிர்ந்தார்.

"துடிப்பு இல்லை."

நாகன் மனைவி கருப்பி அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "எழுப்பி வுடுங்க சாமி. எனக்கு வேற ஆருமில்லீங்க."

டாக்டர் யோசித்தது ஒரு கணம்தான். கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு தகர டப்பியை எடுத்தார். உள்ளே ஒற்றைக் கண்ணாடிக் குப்பி.

"ஐயா, அது வேண்டாங்க" என்றாள் நர்ஸ் லூர்துமேரி.

"நீள ஊசியை எடும்மா."

குப்பியின் கழுத்தை ஒடித்து, மருந்தை இழுத்து, விலா எலும்புகளுக்கு நடுவே நேராக இதயத்தில் இறக்கினார். பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு நாகனின் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார், நெஞ்சில் அமுக்கினார். மறுபடி தூக்கினார், அமுக்கினார். சட்டை தெப்பலாக நனைந்தது.

"என்ன மருந்தும்மா அது?" என்று கேட்டார் பச்சியப்பன்.

"அட்ரினலினுங்க" என்றாள் லூர்துமேரி, தலையைத் தூக்காமல்.

பச்சியப்பனுக்கு மண்டைக்குள் சுர்ரென்றது. "உசுரோட இருக்கறவனுக்கு இல்லைன்னாரு. செத்தவனுக்கு மட்டும் இருக்குதா? ஊரான் வூட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு சர்க்கார் மருந்தை இப்படியா எறைக்கறது?"

நாகனின் தொண்டையில் ஏதோ கரகரத்தது. டாக்டர் சட்டென்று குனிந்து நெஞ்சில் காதை வைத்தார்.

"துடிக்குது."

கொஞ்ச நேரத்தில் நாகன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். கருப்பி அழுதாள், சிரித்தாள். கொட்டகையே கையெடுத்துக் கும்பிட்டது. பச்சியப்பனும்தான் கும்பிட்டார். போன உயிரை மீட்டவரைக் கும்பிடாமல் என்ன செய்வது? ஆனாலும் மனசு ஆறவில்லை. பையில் வைத்துக்கொண்டே இல்லை என்றாரே, மண்டிக்காரன் அவ்வளவு இளப்பமா?

நேரிலேயே கேட்டுவிடுவதென்று தட்டி மறைப்புக்குப் பின்னால் போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

டாக்டர் மேசை விளிம்பைப் பிடித்தபடி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. நெஞ்சிலிருந்து சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம். வருஷக்கணக்காகத் தன் நெஞ்சிலேயே கேட்ட சத்தம் பச்சியப்பனுக்குத் தெரியாதா?

டாக்டர் அவரைப் பார்த்தார். பேச மூச்சில்லை. உங்களுக்குத் தேவலையா என்று கையை அசைத்துக் கேட்டார்.

பச்சியப்பன் பதறிப்போனார். "எனக்குக் குடுத்த மாத்திரையை ஐயாவுக்கும் குடும்மா."

டாக்டரின் முதுகை நீவிக்கொண்டிருந்த லூர்துமேரி நிமிர்ந்தாள். "இவருக்கு மாத்திரை கேக்காதுங்க. ஊசி போட்டாத்தான் அடங்கும். இல்லைன்னா ராப்பூரா இப்படித்தான்."

"அப்ப அந்த ஊசியைப் போட வேண்டியதுதானம்மா?"

"இவருக்குன்னு வெச்சிருந்த அந்த ஒரே ஊசியைத்தாங்க நாகனுக்குப் போட்டுட்டாரு."