பாலத்துக்கு ஊற்றிய தண்ணீர்

“ஜெயிச்ச கேஸை யாராவது எழுந்து நின்னு தோப்பாங்களா பாய்?”

விழுப்புரம் கோர்ட்டிலிருந்து கார் கிளம்பியது முதல் வக்கீல் சங்கீதா இதையே மூன்று தடவை கேட்டுவிட்டாள். கான்ட்ராக்டர் முஹம்மது யூசுப் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சிரித்தார்.

அவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஐந்து வருஷ உழைப்பு!

மரக்காணத்தில் உப்பளங்களுக்கு நடுவே ஓடும் கால்வாயின் மேல் யூசுப் கட்டிய சின்னப் பாலம் அது. மூன்றாம் வருஷமே தூண்களில் கம்பி துருப்பிடித்து விரிசல் விட்டது. ‘வேலை மோசம்’ என்று சொல்லி, வேலை கொடுத்த அரசுத் துறை பாக்கிப் பணத்தை நிறுத்தியது. வழக்கு நடுவரிடம் போனது. அவர் ஓய்வுபெற்ற நீதிபதி. தண்ணீர் பரிசோதனைச் சான்றிதழ் முதல் சிமென்ட் பில் வரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ‘கான்ட்ராக்டர் மேல் தப்பில்லை. துறை போட்ட வரைபடத்தில்தான் கோளாறு. பணத்தைக் கொடுங்கள்’ என்று தீர்ப்புச் சொன்னார்.

துறை விடுமா? அந்தத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி கோர்ட்டுக்குப் போனது.

“பயப்படாதீங்க பாய். நடுவர் பாத்து முடிச்ச சாட்சியத்தை கோர்ட் மறுபடி கிளறாது. பத்து நிமிஷ வேலை” என்று காலையில்தான் தைரியம் சொல்லியிருந்தாள்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. யூசுப் எழுந்து, “ஐயா, துறை கேக்குற மாதிரியே அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணிடுங்க. பாலத்தை என் செலவுல நானே சரி பண்ணித் தர்றேன்” என்றுவிட்டார்.

“தெரிஞ்சுதான் சொல்றீங்களா?” என்று ஜட்ஜ் இரண்டு தடவை கேட்டார். தாம் ஜெயித்துவிட்டோம் என்பது அரசு வக்கீலுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

“யாராவது மிரட்டினாங்களா? இல்ல, அடுத்த டெண்டர் உங்களுக்குத்தான்னு ஆசை காட்டினாங்களா?” சங்கீதா விடவில்லை. “வீட்டுப் பத்திரம் பேங்க்ல கிடக்குது. அதையாவது நெனச்சீங்களா?”

“நெனச்சேன் வக்கீலம்மா. வீட்லயும் கேட்டேன். ‘பத்திரம் போனாப் போவுது, அல்லாஹ் பாத்துக்குவான்’னுட்டா. கொஞ்சம் இறங்குங்க.”

கார் அந்தப் பாலத்தருகே நின்றிருந்தது. இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. பாலத்தின் ஓரத்தில் ஓர் அடிபம்பு. யூசுப் அடித்து, காரிலிருந்த காலி பாட்டிலில் தண்ணீர் பிடித்து நீட்டினார்.

ஒரு வாய் குடித்தவள் ‘தூ’வென்று துப்பினாள். “உப்பு!”

“போன வாரம் விரிசலைப் பாக்க வந்தேன். தாகத்துக்கு ஒரு வாய் குடிச்சேன். அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. இந்தத் தண்ணியிலதான் தூணுக்குக் காங்கிரீட் கலந்தோம். அந்த உப்புலதான் கம்பி துருப்பிடிச்சிருக்கு.”

“அப்ப நாம குடுத்த சர்டிபிகேட்?”

“அது பழைய போர்வெல் தண்ணிக்கு. கோடையில அது வத்திப்போச்சு. அவசரத்துல இந்த போரைப் போட்டோம். இதை லேபுக்கு அனுப்பலை.” யூசுப் பாலத்தைப் பார்த்தார். “பணத்தை வாங்கிட்டுப் போயிடலாம். நாளைக்கு மழையில ஜனங்க மேல போறப்ப இது இடிஞ்சா?”

சங்கீதா கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். அந்தச் சான்றிதழைக் காட்டி வாதாடியவளே அவள்தான். இந்த மனுஷர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது.

ஆனாலும் வக்கீல் புத்தி விடவில்லை.

“இதை நல்ல தண்ணின்னு சொன்னது யாரு? அந்த ஆள் பேரைச் சொல்லியிருந்தா, பாதிப் பழியாவது அங்க போயிருக்குமே!”

“நான்தான். நாக்குல வெச்சுப் பாத்து நானேதான் சொன்னேன்.”

“இதையா? வாயில வைக்க முடியலையே!”

“அன்னிக்கு வெத்தலை போட்டிருந்தேனோ என்னமோ” என்று சொல்லி, யூசுப் வேறு பக்கம் பார்த்தார்.

அப்போது வரப்பில் ஓர் அம்மாள் வேகமாக வந்தாள். உப்பு வாரும் பலகை தோளில் இருந்தது. கால்கள் இரண்டும் உப்புப் பூத்து வெளுத்திருந்தன.

“யாரு, யூசுப் பாயா? பாலத்தைக் கட்டி முடிச்சதும் இந்தப் பாஞ்சாலைய மறந்தே போயிட்டியே!”

“உன்னை மறக்க முடியுமாக்கா?”

பாஞ்சாலை சங்கீதாவின் கையிலிருந்த பாட்டிலை உரிமையோடு வாங்கி, அண்ணாந்து மடமடவென்று பாதியைக் குடித்தாள். முகம் கொஞ்சமும் சுளிக்கவில்லை. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“தித்திப்புத் தண்ணிம்மா! பத்து வயசுல உப்பளத்துல இறங்கினவ நான். எது உப்புத் தண்ணி, எது நல்ல தண்ணின்னு என் நாக்குக்குத் தெரியாதா? இந்த போரைப் போட்டப்ப பாய் என்னைக் கூப்ட்டுத்தான் பாக்கச் சொன்னாரு. நான் சரின்னு சொன்னப்புறம்தான் கலவையே போட்டாங்க. எங்க ஜனங்க நடக்குற பாலத்துல என் சொல்லும் ஒண்ணு இருக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிறேன்.”

சங்கீதா திரும்பி யூசுப்பைப் பார்த்தாள்.

ஐந்து வருஷத்தில் எந்தக் கோர்ட்டிலும் யாரிடமும் கெஞ்சாத மனுஷர், பாஞ்சாலையின் முதுகுக்குப் பின்னால் நின்று சங்கீதாவைக் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா முழிக்கிற? நல்ல தண்ணிதானே?” பாஞ்சாலை பாட்டிலைத் திருப்பி நீட்டினாள்.

சங்கீதா வாங்கி, மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தாள்.

“நல்ல தண்ணிக்கா” என்றாள்.