ஒன்பது எண்ணிக்கைத் தாளம்

உஸ்குதார் ஊர்ப் பாட்டுக்குழுவில் சேர்வதற்கான தேர்வுக்குப் பத்து நாள்களே இருந்தன. முழங்கால்களில் ஒன்பது எண்ணிக்கைத் தாளம் தட்டிக்கொண்டே பாடினால்தான் இடம் கிடைக்கும். ஓய்வுபெற்ற ரிஃப்கி கூடத்து நாற்காலியில் அமர்ந்து பழகினார். 'தும்' என்ற கனத்த தட்டு வலது முழங்காலில் விழுந்தது. 'தெக்' என்ற லேசான தட்டு இடது முழங்காலில் விழுந்தது.

"மறுபடியும் இடது கை லேட்டு," என்றாள் மனைவி முவல்லா.

"முப்பது வருஷம் அரசாங்க வேலை பார்த்த கைம்மா. லேட்டாத்தான் வரும்."

"வலது கை மட்டும் தனியார் கம்பெனியிலயா இருந்துச்சு? இன்னொரு தடவை தட்டு."

பத்து முறை தட்டினார். பத்து முறையும் இடது கை பின்தங்கியது.

"போதும், போய் டீ போட்டுக் கொண்டா," என்றாள் முவல்லா.

அவர் அடுக்களைக்குள் சென்றதும் முவல்லா தொலைபேசியை எடுத்துத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"டாக்டர், நீங்க சொன்ன மாதிரி தினமும் தட்டச் சொல்லிப் பாக்குறேன். போன வாரத்தைவிட இடது கை இன்னும் மெதுவாயிடுச்சு. இல்ல, வியாதியைப் பத்தி அவர்கிட்ட மூச்சு விடல. பாட்டுப் பயிற்சின்னுதான் நம்பிக்கிட்டிருக்காரு."

கோப்பைகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை கேட்டுத் திரும்பினாள். ரிஃப்கி கதவருகே நின்றிருந்தார்.

"இடது காலும் இழுக்குதுன்னு சொல்லு, முவல்லா," என்றார் மெதுவாக. "அதை நீ இன்னும் கவனிக்கல."