ஏழாவது வாஷர்

"டீச்சர், இது தேய்ஞ்சுபோன வாஷர் இல்ல. கத்தி பட்ட வாஷர்."

பிளம்பர் அந்தக் கறுப்பு ரப்பர் வளையத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இந்தச் சமையலறைக் குழாய் வாரம் தவறாமல் ஒழுகுகிறது. டீச்சரிடமிருந்து போன் வரும். இவரும் மற்ற வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வருவார். இது ஏழாவது வாரம்.

"என்னைக் கேட்டா? தண்ணி சரியில்லையோ என்னவோ!" என்றாள் டீச்சர், கட்டுரை நோட்டுகளைத் திருத்தியபடியே. காது மட்டும் சிவந்திருந்தது.

 மேலே கேட்க அவருக்குப் பயம்.

"இன்னிக்கு வசனம் ஒண்ணும் இல்லையா?"

ஊரில் அவருக்குப் பட்டப்பெயரே 'வசனம்'தான். சாக்கடை அடைப்பெடுக்கப் போனாலும் வேதப் புத்தகமான பைபிளிலிருந்து ஒரு வசனம் சொல்லாமல் ஸ்பேனரைத் தொடமாட்டார்.

"விட்டுட்டேன். வசனம் சொல்லித்தான் பொண்டாட்டியைத் தொலைச்சேன்."

சிவப்புப் பேனா நின்றது. "அப்படி என்ன சொன்னீங்க?"

"ஊர்க் குழாயெல்லாம் சரி பண்றவன், என் வீட்டுக் குழாயை ஆறு மாசம் ஒழுக விட்டேன். அவ கேட்டுக்கிட்டே இருந்தா. ஒரு நாள் சொந்தக்காரங்க அத்தனை பேர் நடுவுல, 'மழைநாள்ல ஓயாத ஒழுகலும் சண்டைக்காரப் பொண்டாட்டியும் ஒண்ணுன்னு வேதத்துலயே இருக்கு'ன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மறுநாள் வீடு காலி."

"வேதத்துல இருக்கிறதைத்தானே சொன்னீங்க?"

"யோசிக்காம வாயை விடுறவனைவிட முட்டாளே தேவலைன்னும் அதுல இருக்கே! எனக்குன்னு எழுதின அந்தப் பக்கத்தை நான் புரட்டவே இல்ல. ரெண்டு வருஷமாச்சு, டீச்சர். சாப்பிட உக்காந்தா எதிர்ல அவ இல்ல. பாதிச் சோத்துல எந்திரிச்சிடுறேன்."

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"நூறு வசனம் வாய்ல வருது. சொந்தமா ஒரு வார்த்தை வர மாட்டேங்குதே!"

புது வாஷரைப் போட்டு முடுக்கினார். ஒழுகல் நின்றது. பையை மூடியவர் கிளம்பவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சிடு," என்றார்.

உள்ளறையிலிருந்து டீச்சரின் மகள் குரல் கொடுத்தாள். "அம்மா, பிளம்பர் போயாச்சா? பசிக்குது!"

டீச்சர் பேனாவை மூடி வைத்தாள். "இனிமே பிளம்பர்னு சொல்லாதடி, பழையபடி அப்பான்னே கூப்பிடு. இன்னொரு தட்டும் எடுத்து வை."