காட்சிக்கு ஒரு வகுப்பறை

முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடம் அமிலப் புகையைக் குடித்த அதே கல்லூரி வேதியியல் கட்டடத்துக்கு, சகாயராணி இன்று ஒருநாள் பேராசிரியையாக நடிக்க வந்திருந்தாள். அந்தக் கட்டடம் வாக்கு எண்ணும் மையமாகி, கல்யாண மண்டபமாகி, இப்போது பாடம் நடத்தும் கணினிகளை ஏ.சி. போட்டுத் தூங்கவைக்கும் கிடங்காகிவிட்டது. மாணவர்கள் அவரவர் வீட்டில். ஆனாலும் கல்லூரியின் லைசென்ஸ் நிலைக்க, வகுப்பறை, ஆசிரியர், மாணவர் மூன்றும் அரசின் ஆய்வுக் கேமராவின் கண்ணில் பட வேண்டுமாம். அதற்காக ஒரே ஓர் அறையை விட்டுவைத்திருந்தார்கள்.

பெஞ்சுகளில் மாணவிகளாக உட்கார்ந்திருந்தவர்கள் கூலிக்கு அழைத்துவந்த மீன் சந்தைப் பெண்கள்.

"சும்மா வாய அசைச்சா போதும் மேடம்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் மேலாளர் பிச்சுமணி.

முன்வரிசைச் செல்லக்கனி கையைத் தூக்கினாள். "டீச்சர், மீன் அறுத்த கையில புளியத் தேச்சா நாத்தம் போயிருதே, அது எப்படி?"

சகாயராணிக்கு நடிப்பு மறந்துபோனது. மீன் ஏன் நாறுகிறது, புளியின் அமிலம் அந்த நாற்றத்தை என்ன செய்கிறது என்று பலகை நிறைய எழுதி விளக்கினாள்.

பிச்சுமணி செல்போனும் கையுமாக ஓடிவந்தார். "கெடுத்துட்டீங்களே மேடம்! இங்க நெசமாவே பாடம் நடக்குதுன்னு கேமரா கண்டுபிடிச்சிருச்சு. வகுப்பறைன்னு காட்டத்தான் லைசென்ஸ், பாடம் நடத்த இல்ல. நோட்டீஸ் வந்தாச்சு!"

"பதிமூணு வருஷமா இங்க பாடமே நடக்கலியே, அதுக்கு ஒரு நோட்டீஸ் வந்துச்சா?" என்று கேட்டாள் சகாயராணி.

பிச்சுமணியை வெளியே விட்டுக் கதவைத் தாழிட்டாள்.

"கேளுங்கக்கா," என்றாள். "அடுத்து யாரு?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன.